பழைய பிக்கப் ஓடவும் வேண்டும், காசும் மிஞ்ச வேண்டும்

பிடுங்கிய கத்தரிக்காய் எவருக்காகவும் காத்திராது. விடிவதற்கு முன் மருதனார்மடத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய்ச் சேரும் மூட்டைக்கு ஒரு விலை. வெயில் ஏறியபின் போய் இறங்கும் மூட்டைக்கு இன்னொரு விலை. சொந்தக் காணியில் பயிரிடுபவர் இந்த வித்தியாசத்தை எப்படியோ தாங்கிக் கொள்வார். 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, இன்னும் தமது காணிக்குத் திரும்ப முடியாமல் குத்தகை நிலத்தில் தோட்டம் செய்பவருக்கு அந்த வித்தியாசம்தான் குத்தகைக் காசு. ஆகவே பழைய பிக்கப் ஒன்றை ஓட்டத்தில் வைத்திருப்பது பற்றி இங்கே எழுதுகிறோம். இது வாகனப் பிரியர்களுக்கான விடயம் அல்ல. எமது அடுப்போடு சம்பந்தப்பட்ட விடயம்.

நாம் ஒரே பங்கைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள். 2018 இல் காசு சேர்த்து 1992 ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினோம். 2.4 லீற்றர் டீசல் என்ஜின், ஒற்றைக் கப். கதவு இரண்டிலும் கறள், இருக்கையில் கிழிசல். வாங்கியபோது சிலர் சிரித்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் சிரித்தவர்களே வந்து “விக்கப் போறியளோ?” என்று கேட்டார்கள். 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் வரியோடு சேர்த்து வரும் விலையைப் பார்த்தால், புதியது எம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்பது விளங்கும். கையில் இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

மண்ணெண்ணெய்க் காலத்தில் படித்த பாடம்

எமது மூத்தவர்களுக்குப் பழைய வாகனம் புதிய விடயமல்ல. 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது ஏறக்குறைய நின்றே போனது. ஒஸ்ரின் ஏ 40 காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, என்ஜின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் வெள்ளைப் புகையும் கண் எரிச்சலும். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தையே விட்டு நாவற்குழிப் பக்கம் நகர்ந்த சனத்தோடு சனமாக அந்த வாகனங்களிலும் சில உருண்டு வந்தன.

அவற்றில் பல வெகு சீக்கிரம் படுத்துவிட்டன, சில மட்டும் நின்று பிடித்தன. ஏன்? மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து கீழேயுள்ள ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணீராகும், பெயரிங் தேயும். இதை அறிந்த சாரதி காலையில் ஒயில் கம்பியை இழுத்துப் பார்ப்பார். ஒயில் மட்டம் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் அவருக்குப் பயம். விரலால் தொட்டு மணந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் மணத்தால் ஒயிலை மாற்றிவிடுவார். அந்தப் பழக்கத்தைத் தவிர அவரிடம் வேறு வசதி எதுவும் இருக்கவில்லை.

நாம் இந்தக் கதையைப் பல தடவை கேட்டிருந்தோம். கேட்டும் படிக்கவில்லை.

மாங்குளத்துக்கு அப்பால்

2019 ஆவணியில் பூசணிக்காயும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு ஏ 9 வீதியால் தம்புள்ளைக்குப் புறப்பட்டோம். மாங்குளம் தாண்டியபின் பிக்கப் இழுக்க மறுத்தது. வேகம் குறையக் குறைய, ஓட்டியவர் மிதியை இன்னும் ஆழமாக அழுத்தினார். வெப்பமானியின் முள் நடுவுக்குக் கீழே நின்றபடியால் சூட்டைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. எரிந்த மணம் வந்த பிறகுதான் நிறுத்தினோம். பொனெற்றைத் திறந்தால் றேடியேற்றரின் மேல் ஹோஸ் பிளந்து கிடந்தது. தண்ணீர் முழுவதும் எப்போதோ வீதியில் ஊற்றுண்டு போய்விட்டது.

முள் ஏன் பொய் சொன்னது என்று பின்னர்தான் விளங்கிற்று. வெப்பத்தை அளக்கும் உணரி தண்ணீரில் அமிழ்ந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றையே அளக்கிறது. முள் ஏறாது, சில வேளை இறங்கவும் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் வழமைக்கு மாறாகக் கீழே விழுந்தாலும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதை இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

அன்று மரக்கறியை வேறு லொறிக்கு மாற்றி, கேட்ட கூலியைக் கொடுத்து அனுப்பினோம். பிக்கப்பைக் கட்டி இழுத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். என்ஜினைக் கழற்றிய மெக்கானிக் மண்ணெண்ணெய்க் காலத்திலேயே தொழில் பழகியவர்.

“கடைசியாத் தண்ணி எப்ப பாத்தனீங்கள்?” என்று கேட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஐந்து குடும்பத்துக்கும் பொதுவான வாகனம். மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்.

“அண்ணை, ஹெட்டைத் திருத்தலாமோ?”

“வால்வுக்கு நடுவிலை வெடிச்சுப் போச்சு, தம்பி. வேறை ஹெட்தான் போட வேணும்.”

இந்த வகைப் பழைய டீசல் என்ஜின்களின் ஹெட் அதிக சூட்டைத் தாங்காது, வெடிக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய செய்தி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஹெட் ஒன்று தேடி எடுத்துப் பூட்டி முடிய, அந்தப் போக வெங்காயத்தின் இலாபம் முழுவதும் போயிற்று. பிளந்த ஹோஸின் விலையோ ஒரு கூடைத் தக்காளியின் விலைக்கு வராது. அதை நேரத்துக்கு விரலால் அமுக்கிப் பார்த்திருந்தால் போதும். ஹோஸ் பஞ்சு போல மென்மையாகவோ, வெடிப்போடு இறுகியோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. கிளிப் பூட்டிய இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருந்தாலும் அங்கே கசிகிறது என்று அர்த்தம்.

தண்ணீர், ஆனால் எந்தத் தண்ணீர்?

யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள்: வெள்ளைக் கல் படிந்திருக்கும். அதே கல் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் என்ஜினின் உட்சுவரிலும் படிகிறது. கல் படிந்த இடத்தால் சூடு வெளியேறாது. பல வருடம் கிணற்றுத் தண்ணீர் குடித்த றேடியேற்றர், ஹோஸ் ஒன்றும் வெடிக்காமலே என்ஜினைக் கொன்றுவிடும்.

கடையில் கலந்து விற்கும் கூலன்ற் வாங்கக் காசிருந்தால் அதுவே நல்லது. கட்டியாக விற்கும் கூலன்ற் வாங்கினால் அதில் எழுதியுள்ள அளவுக்குச் சுத்தமான தண்ணீர் சேர்க்க வேண்டும். நாம் ஐப்பசி, கார்த்திகை மழையில், கூரைத் தூசி கழுவுண்டு போனபின் விழும் தண்ணீரைத் துணியில் வடித்து, மூடியுள்ள பிளாஸ்ரிக் கலன்களில் வைத்துக் கொள்கிறோம். றேடியேற்றருக்கு அது போதும். பற்றறிக்கு மாத்திரம் கடையில் விற்கும் வடித்த நீர்தான். வெறும் தண்ணீரை மட்டும் விட்டு ஓடுபவர்கள் உள்ளே கறள் பிடிக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். கறளைத் தடுக்கும் மருந்து கூலன்றில்தான் உண்டு.

சூடேறிய என்ஜினின் மூடியை உடனே திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் அடிக்கும். நிழலில் நிறுத்தி, மூடியைக் கையால் தொடக்கூடிய சூடு வரும்வரை பொறுத்திருந்து, தடித்த துணியால் பிடித்து மெல்லத் திறவுங்கள். வெந்து கிடக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைச் சடுதியாக ஊற்றினால் தப்பிய ஹெட்டும் வெடிக்கும்.

இன்னொரு சங்கதி. “எங்கட வெயிலுக்குத் தேமோஸ்ரற் தேவையில்லை” என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் எமது பகுதியில் இருக்கிறது. பல டொயோட்டா டீசல் என்ஜின்களில் தேமோஸ்ரற்றின் அடிப்பகுதி, தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பும் பாதையை மூடுகிறது. அதைக் கழற்றினால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். பாரம் ஏற்றும்போது சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். பழுதானால் புதியது போடுங்கள். அது விலை கூடிய சாமான் அல்ல.

ஒயிலும் டீசலும்

ஒயிலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சமதரையில் நிறுத்தி, காலையில் ஸ்ராட் செய்யுமுன் கம்பியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயிலையும் ஒயில் பில்ரரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எமது பிக்கப்பில் கிலோமீற்றர் காட்டும் கேபிள் அறுந்து பல காலம். அதனால் சந்தைக்குப் போய்வரும் நடைகளை எண்ணிக் கணக்குப் பார்க்கிறோம். டீசல் என்ஜினின் ஒயில் போட்ட மறுநாளே கறுத்துவிடும். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனால் பால் கலந்த தேநீர் போல மாறினால் அதற்குள் தண்ணீர் இறங்குகிறது. அந்த வாகனத்தை ஓட்டக் கூடாது.

கழற்றிய ஒயிலை வேலியோரம் ஊற்றுபவர்களைப் பார்க்கிறோம். சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போகும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் என்று எழுந்த பயத்தை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய ஒயிலைக் கலனில் நிரப்பி, அதைச் சேர்த்து எடுக்கும் கராஜில் கொடுத்து விடுங்கள்.

டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் ஆசை இன்னும் சிலருக்கு உண்டு. மண்ணெண்ணெய் மிக மலிவாக இருந்தபோது அது ஊரெங்கும் நடந்தது. 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டபின் அதில் பெரிய இலாபமும் இல்லை. விலை எப்படியிருந்தாலும் நாம் வேண்டாம் என்றே சொல்வோம். டீசல் என்ஜினின் பம்ப்புக்குள் தனியாக ஒயில் போவதில்லை, டீசலின் வழுவழுப்பே அதற்கு ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. ஒரு பம்ப்பைத் திருத்தும் செலவில் எத்தனை மாத டீசல் அடிக்கலாம் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள், ஆசை தானாகவே போகும்.

2022 இல் வரிசையில் நின்று பெற்ற டீசலைக் கலன்களில் சேமித்தோம். அதோடு தண்ணீரும் சேர்ந்தது. கலனின் அடியில் நின்ற தண்ணீர் தாங்கிக்குள் போய், என்ஜின் இடையிடையே இருமத் தொடங்கியது. டீசல் பில்ரரின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப் பம்பை அமுக்கினால் முதலில் தண்ணீர் வடியும், பிறகு டீசல் வரும். டீசல் மட்டும் வரும்போது இறுக்கிவிட வேண்டும். கைச்செலவு ஒரு சதமும் இல்லை. மாதம் ஒரு தடவை செய்கிறோம்.

செம்மண் தூசி காற்று பில்ரரை அடைக்கும். கடதாசிப் பில்ரரைத் தட்டலாம், உள்ளிருந்து வெளியே மெல்லக் காற்றடிக்கலாம்; கழுவக் கூடாது. அடைபட்ட பில்ரரோடு ஓடினால் டீசல் கூடுதலாக எரியும், கறுப்புப் புகை வரும், வருட அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் தவறும். நாம் ஒரு தடவை தவறினோம். நொசில் பழுது என்று பயந்துகொண்டு வந்து பார்த்தால், பில்ரருக்குள் தோட்டத்து மண் அரைச் சுண்டு இருந்தது.

புகையின் நிறத்தைப் பார்க்கத் தெரிந்தால் கராஜில் ஏமாறவும் தேவையில்லை. பாரம் இழுக்கும்போது கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது நொசில் கோளாறு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. பிஸ்ரன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். காலையில் சிறிது நேரம் வெள்ளை என்றால் குளோ பிளக்கைச் சோதிக்கலாம். சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

கதவில் கறள், கண்ணாடியில் கீறல், கிழிந்த இருக்கை: இவை இருக்கட்டும். எமது பிக்கப்பின் பின்கதவு இன்றும் கயிற்றில்தான் நிற்கிறது. பழைய சாமான் கடையில் கதவு, விளக்கு, கண்ணாடி, பம்பர் எதையும் வாங்கலாம்.

டைமிங் பெல்ற்றைப் பழையதாகவோ, பெயர் தெரியாததாகவோ வாங்க வேண்டாம். எமது வகை என்ஜினில் அது 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. அதை நினைவூட்டச் சாரதிக்கு முன்னால் ஒரு சிறு விளக்கே வைத்திருக்கிறார்கள். பழைய வாகனங்களில் அந்த விளக்கின் குமிழைக் கழற்றி எறிந்திருப்பதும் உண்டு. ஓடும்போது பெல்ற் அறுந்தால் பிஸ்ரன் வால்வுகளில் முட்டி எல்லாம் வளையும். பழைய பிக்கப் வாங்கும்போது, விற்பவர் “போன வருசம்தான் மாத்தினது” என்று சொன்னாலும், பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

பிறேக்கும் அப்படியே. பிறேக் எண்ணெய் குறைந்தால் எங்கோ தேய்கிறது அல்லது கசிகிறது. பின்சில்லின் உட்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அவசரத்துக்கு என்ஜின் ஒயிலை பிறேக் எண்ணெய்த் தாங்கியில் விட்டவரை அறிவோம். உள்ளிருந்த றப்பர் எல்லாம் ஊதி, பிறேக் பிடித்தது விடவில்லை. பிள்ளைகளையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போகும் வாகனம் இது. இதில் மிச்சம் பிடிக்க எவருக்கும் உரிமையில்லை.

ரயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கம் கொண்ட எண்ணைத் தேடுங்கள். 1219 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 12 ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேற்பட்டதை நாம் வாங்குவதில்லை. மீள்புதுப்பித்த ரயரைப் பின்னுக்குப் போடுவோம், முன்னுக்கு ஒருபோதும் போடுவதில்லை.

பாரம் பற்றியும் சொல்ல வேண்டும். இது ஏறக்குறைய ஒரு தொன் வாகனம். எமது கணக்கில் 20 அந்தர். இரண்டு நடை போவதற்குப் பஞ்சிப்பட்டு 35 அந்தர் ஏற்றிய நாட்கள் எமக்கும் உண்டு. வில்லுத்தகடு முறிந்தது, பின்சில்லுப் பெயரிங் போனது, கிளச் எரிந்தது. ஒரு நடைக் காசை மிச்சம் பிடித்து மூன்று திருத்தம் செய்தோம்.

கொப்பி

ஹெட் வெடித்த பிறகு ஐந்து குடும்பமும் பூசை முடிந்து கோவில் விறாந்தையில் கூடினோம். அன்று குரல்கள் உயர்ந்தன என்பதை மறைக்கவில்லை. ஓட்டியவரில் பிழை என்றார் ஒருவர். விற்றுக் காசைப் பிரிப்போம் என்றார் இன்னொருவர். விற்றால் மறுநாள் மூட்டையை எதில் ஏற்றுவது என்று ஒரு தாய் கேட்டபோது பேச்சு நின்றது.

அன்று ஒரு கொப்பி வாங்கினோம். ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பம் பொறுப்பு. அந்தக் குடும்பத்தில் ஒருவர் தினமும் காலையில் தண்ணீர், ஒயில், பிறேக் எண்ணெய், ரயர் காற்று நான்கையும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இப்போது ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைதான் ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்கிறாள். தகப்பனை விடக் கவனமாகப் பார்க்கிறாள். யார் மரக்கறி ஏற்றினாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு தகரப்பேணிக்குள் போட வேண்டும். அந்தக் காசு வாகனத்துக்கு மட்டுமே. பாடசாலைச் செலவுக்குக் கூட எடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். ஒரு தடவை எடுத்தோம். பிறகு திருப்பி வைத்தோம்.

கொப்பி தொடங்கியபின் நடுவழியில் நின்றது இரண்டு தடவைதான். ஒன்று ரயர், மற்றது பற்றறி வயர். பிளந்த அந்த ஹோஸைக் கொப்பியோடு சேர்த்து ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். கடைசியாக எழுதிய பக்கத்தில் அடுத்த வேலை குறிக்கப்பட்டிருக்கிறது: மாரி தொடங்குமுன் பின் பிறேக் ட்றம் இரண்டையும் கழற்றித் துப்புரவாக்குதல், துடைப்பான் றப்பர் மாற்றுதல். பேணியில் உள்ள காசு இரண்டுக்கும் காணும்.